பைப்பு பகலவனின் காலுறைகள்

வியாசர்பாடி வாரியக் குடியிருப்பில் ‘பைப்பு பகலவன் வீடு எது?’ என்று கேட்டால் மூன்றாம் மாடியைக் கை காட்டுவார்கள். புதிதாகக் குடிவந்த சிலர் அவரைக் குழாய் பழுதுபார்ப்பவர் என்று எண்ணி, ஒழுகும் குழாயைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டே அவருடைய கதவைத் தட்டியதுண்டு. அவர் சினந்துகொண்டதில்லை. “அது வேற பைப்பு நைனா, நம்மது வேற பைப்பு” என்பார். பிறகு, வந்தவருடைய குழாய்க்கு நூல் சுற்றிக் கொடுத்தும் அனுப்புவார்.

அவருடைய பைப்பு, பேக்பைப். தோல்பை ஒன்றை வாயால் ஊதி நிரப்பி, அதை அக்குளில் இடுக்கிப் பிழிந்து, அதில் செருகிய குழல்களின் வழியே இசையெழுப்பும் கருவி அது. ஐம்பத்தாறு வயதாகும் பகலவன், அதை முப்பத்து நான்கு ஆண்டுகளாக வாசித்து வருகிறார். புளியந்தோப்பில் இருக்கும் ஒரு பேண்டு குழுவில் அவர் சேர்ந்தபோது கொடுத்த சிவப்புக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கேன்வாஸ் காலணி ஆகியவைதாம் இன்றுவரை அவருடைய உடுப்பு. திருமணமானால் மக்கள் மணமகனைப் பார்ப்பார்கள். சாவு ஊர்வலமானால் பாடையைப் பார்ப்பார்கள். வாசிப்பவரைப் பார்ப்பவர் யாரும் இல்லை. வாசிப்பு நின்றுபோனால் மட்டும் திரும்பிப் பார்ப்பார்கள். இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

அவருக்கு ஒரே மகள், மகிழினி. வணிகவியல் படித்துவிட்டு, எண்ணூரில் உள்ள ஒரு கப்பல் நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறாள். வேலைக்குச் சேர்ந்த நாளில், தந்தையின் தொழில் என்ன என்று கேட்டார்கள். ‘பேண்டு’ என்னும் சொல் அவள் நாக்கில் வரவில்லை. “பைப்பு” என்று மட்டும் சொன்னாள். கேட்ட அதிகாரி, “பைப்பிங் காண்ட்ராக்டா? நல்லது” என்று எழுதிக்கொண்டார். சாலையோரமெல்லாம் குழாய்கள் ஓடும் எண்ணூரில் குழாய் வேலை மதிப்புள்ள வேலை. மகிழினி அதைத் திருத்தவில்லை. மூன்று ஆண்டுகள் திருத்தவில்லை. அவள் இதைத் தாயிடம் தாழ்ந்த குரலில் சொன்னபோது, சுவருக்கு மறுபக்கம் முகம் மழித்துக்கொண்டிருந்த பகலவன் கேட்டுவிட்டார். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சென்ற மாதம் அந்த நிறுவனத்திற்கு இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவு வந்தது. தலைமை விருந்தினர் ஸ்காட்லாந்து நாட்டவர். அவரை அவருடைய ஊர் முறைப்படி பேக்பைப் வாசித்து வரவேற்க வேண்டும் என்று மேலிடம் விரும்பியது. வாசிப்பவரை எங்கே தேடுவது என்று நண்பகல் உணவு வேளையில் பேச்சு எழுந்தது. மகிழினி சோற்றுப் பாத்திரத்தை மூடிவிட்டு, “எங்கப்பா வாசிப்பாரு” என்றாள். “அவரு பைப்பிங் காண்ட்ராக்டர் இல்ல. பேண்டுல பேக்பைப் வாசிக்கறவரு. நான்தான் அப்ப சரியா சொல்லல.”

அவளருகில் அமர்ந்து உண்ணும் தோழி ஜெஸ்லின், “இத்தன நாளா ஏன்டி மறைச்ச? சூப்பர்ல!” என்று தோளில் தட்டினாள். அன்று மாலை வீட்டிற்கு வந்து மகிழினி இதைச் சொன்னபோது, பகலவன் கையிலிருந்த தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டார்.

“எல்லாரு முன்னாடியுமா சொன்ன?”

“எல்லார் முன்னாடியும்தான்ப்பா. நீ வந்து முன்னாடி நிக்கணும். இவருதான் எங்கப்பான்னு நான் காட்டணும்.”

பகலவனுக்கும் அதுவே வேண்டியிருந்தது. மகள் தம்மைக் கைநீட்டிக் காட்டும் அந்த ஒரு கணத்தைத் தவிர, அந்த விழாவிலிருந்து அவர் வேறெதையும் எதிர்பார்க்கவில்லை.

விழாவை நடத்தித்தரும் பொறுப்பு ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டுக் குழுவிடம் இருந்தது. அதன் பொறுப்பாளர் டென்னிஸ், முப்பது வயது இளைஞர். ஸ்காட்லாந்துக்காரர்கள் உடுத்தும், முழங்கால் வரையில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கில்ட் என்னும் கட்டம் போட்ட ஆடையையும், கறுப்புக் கோட்டையும் அவர்களே கொடுத்தார்கள். மற்றவற்றைப் பகலவன் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும். அதற்கான பட்டியலை டென்னிஸ் கைப்பேசிக்கு அனுப்பினார். அதில் மூன்று வரிகள் இருந்தன: கில்ட் ஓஸ், வெண்பழுப்பு நிறம், ஒரு ஜோடி. கில்லி ஷூ, கறுப்பு, ஒரு ஜோடி. ஃப்ளாஷ், சிவப்பு, ஒரு ஜோடி.

ஆங்கிலத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுப் பகலவன் மகளைக் கேட்டிருக்கலாம். ஆனால், அவள் வேலையிலிருந்து திரும்புவதற்கு முன் எல்லாவற்றையும் வாங்கி முடித்து அவளை வியப்பில் ஆழ்த்த வேண்டும் என்று நினைத்தார். ஃப்ளாஷ் என்பது புகைப்படக்காரரின் விளக்கு. அதை அவன் கொண்டுவருவான். ஓஸ் என்பது குழாய். நம் துறைமுகப் பகுதியில் அச்சொல்லுக்கு வேறு பொருளே இல்லை. எண்ணெய் ஏற்றுவது ஓஸ், தீயணைப்பது ஓஸ், தண்ணீர் லாரியிலிருந்து குடத்திற்கு இழுப்பதும் ஓஸ்தான். தம் கருவியில் வாயிலிருந்து பைக்குப் போகும் குழலுக்கு வெண்மையான புதுக் குழாய் போட்டு, அழகாகக் காட்டச் சொல்கிறார்கள் என்று அவர் முடிவு செய்தார். ஒரு ஜோடி எதற்கு? ஒன்று தேய்ந்தால் மற்றொன்று.

டோல்கேட் முனையில் பம்பும் குழாயும் விற்கும் கடையின் உரிமையாளர் செல்லக்கனி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, முப்பது ஆண்டுகளாகக் கல்லாவில் இருக்கும் பெண்மணி.

“கில்ட் ஓஸ் கெடைக்குமாம்மா?” என்று கேட்டார் பகலவன்.

“கில்ட்டா? அந்தக் கம்பெனி நம்மகிட்ட இல்லியே அண்ணாச்சி. உள்ள நூல் ஓடுன வெள்ள ஓஸ் இருக்கு. இழுத்தாலும் கிழியாது. எத்தன இஞ்சு வேணும்?”

“வாயில வெச்சி ஊதறதும்மா.”

“வாயிலயா?” செல்லக்கனி மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “அண்ணாச்சி, டீசல் உறிஞ்சுற வேலையா இருந்தா நமக்கு வேண்டாம்ப்பா. போலீஸ்காரன் எங்கிட்டல்லா வந்து நிப்பான்.”

பகலவன் நடந்ததை விளக்கினார். செல்லக்கனி மனமிரங்கி, அரை அங்குலக் குழாயில் இரண்டு முழம் வெட்டிக் கொடுத்து, இரண்டு முனைக்கும் கிளிப்பு போட்டும் தந்தார். “கப்பக் கம்பெனிக்காரன் முன்னாடி நல்லா ஊதிட்டு வாங்க” என்று வாழ்த்தவும் செய்தார்.

மகிழினி வீடு திரும்பியபோது, தந்தை தரையில் உட்கார்ந்து வெள்ளைக் குழாயைப் பேக்பைப்பில் பொருத்த முயன்றுகொண்டிருந்தார். அவள் பட்டியலைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அப்பா, ஓஸ்னா இங்க சாக்ஸுப்பா! முட்டி வரைக்கும் போடற கம்பளி சாக்ஸ். ஃப்ளாஷ்னா அந்த மடிப்புக்குக் கீழ தொங்கற செவப்பு நாடா.” சமையலறையிலிருந்து வந்த தாய் சிவந்தியும் சிரித்தாள். பகலவனின் தொழிலைப் பற்றி அந்த வீட்டில் மூவரும் ஒன்றாகச் சிரித்தது அதுவே முதல்முறை. அதனால், தாம் ஏமாந்துபோனது அவருக்கு வருத்தமாகவே இல்லை. மறுநாள் காலையில் மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அந்தக் கதையைத் தாமே சொல்லிச் சிரித்தார்.

முழங்கால் வரையிலான கம்பளிக் காலுறையைச் சென்னை வெயிலில் யார் விற்பார்கள்? சிவந்திதான் வழி கண்டாள். வியாசர்பாடியில் நான்கு வீட்டுக்கு ஒரு வீட்டில் கால்பந்து ஆடுபவர் உண்டு. பந்தாட்டக்காரரின் நீளமான காலுறை முழங்கால் வரை வரும். வெள்ளை நிறத்தில் இரண்டு ஜோடி வாங்கினார்கள். அது மெல்லியதாகவும் பளபளப்பாகவும் இருந்தது; எனவே, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டை அணிவது என்று முடிவாயிற்று. வெண்மை மிகையாக இருந்தது. சிவந்தி தேயிலைத் தூளைக் கொதிக்கவைத்து வடிகட்டி, அச்சாற்றில் காலுறைகளை முக்கி எடுத்தாள். முதன்முறை மண் நிறமாகிவிட்டது. சோப்பிட்டு அலசி, மறுபடியும் இளஞ்சாற்றில் நனைத்தபின், படத்தில் கண்ட அதே வெண்பழுப்பு வந்தது. விளிம்பில் இருந்த நீலக் கோடுகள், மடித்துவிடும்போது வெளியே தெரிந்தன. மகிழினி இரண்டு மாலைகள் உட்கார்ந்து, அவற்றை ஊசி முனையால் பிரித்தெடுத்து, விளிம்பை உள்மடித்துத் தைத்தாள். தலையில் கட்டும் சிவப்பு நாடாவை வெட்டி, காலுறைக்கு ஃப்ளாஷும் செய்தாள்.

படத்திலிருந்த ஸ்காட்லாந்துக்காரர், வலக்கால் காலுறையில் சிறு கத்தியொன்றைச் செருகியிருந்தார். அதுவும் வேண்டுமோ என்று பகலவன் ஐயுற்றார்.

“அத்த மட்டும் வுட்டுடு” என்றாள் சிவந்தி. “அவங்க சாக்ஸுல கத்தி வெச்சா அலங்காரம். வியாசர்பாடிக்காரன் வெச்சா கேஸு.”

காலணிதான் கடினமாக இருந்தது. வெறும் கறுப்பு அலுவலகக் காலணி போதாது. கில்லி ஷூ என்பதற்கு நாக்கு கிடையாது. அதாவது, கயிற்றுக்கு அடியில் பாதத்தை மறைக்கும் தோல் துண்டு அதில் இருக்காது. கயிறோ மிக நீளம். அதைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிச் சுற்றி, முன்புறம் முடிச்சிட வேண்டும். பெரியமேட்டில் காலணிகளுக்கு மேல்தோல் தைத்துக் கொடுக்கும் கௌசர், பழைய பொருள் கடையில் வாங்கிப் பகலவன் கொண்டுவந்த காவலர் காலணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல நாக்க வெட்டிட்டா பல்லுபோன கெழவன் மாதிரி கீழ தொங்கும் அண்ணே. புதுசா தெச்சித் தர்றேன். ஆமா, நாக்கு இல்லாத ஷூ எதுக்கு? யாரு கண்டுபுடிச்சது?”

“அந்தூர்ல சதுப்பு நெலமாம். தண்ணில நடந்தா உள்ள பூந்த தண்ணி வெளிய போயிடணுமாம். எம்பொண்ணு படிச்சிச் சொன்னா.”

“அப்ப இது ஃபாரின் ஷூ இல்ல. மழைக்காலத்துல வியாசர்பாடிக்குன்னே செஞ்ச ஷூ” என்று கௌசர் காகிதத்தை விரித்து, பகலவனின் பாதத்தை அதன்மேல் வைத்துப் பென்சிலால் வரைந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகள் தார்ச்சாலையில் மலிவான கேன்வாஸ் காலணியோடு நடந்து, சுண்டுவிரல்கள் வெளிப்பக்கம் பிதுங்கிப்போன பாதம் அது. அந்தப் பிதுக்கத்திற்கு இடம் விட்டுத்தான் கௌசர் தோலை வெட்டினார். அளவெடுத்துத் தைத்த காலணியைப் பகலவன் வாழ்வில் முதன்முறையாக அணிந்தார். வலிக்கவில்லை என்பதே அவருக்குப் புதுமையாக இருந்தது.

விழாவுக்கு முன் பத்து நாள்கள், காலை வேளைகளில் அவர் மொட்டைமாடியில் முழு உடுப்போடு நடந்து பழகினார். காலுறையின் மடிப்பு முட்டிக்குக் கீழே நான்கு விரல் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். கயிறு கணுக்காலில் இறுகவும் கூடாது, நழுவவும் கூடாது. நூறு முறையாவது கட்டி அவிழ்த்திருப்பார். கீழ்வீட்டுக் கெங்கம்மா துணி உலர்த்த வந்து, அவருடைய மெலிந்த முழங்கால்களைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னா பகலு, வயசுக்கு வந்துட்டியா? பாவாட கட்டிகினு சுத்தற?”

“ஆமா கெங்கம்மா. தாய்மாமன் சீருக்குத்தான் வெயிட் பண்ணிகினு கீறேன். நீ இன்னா செய்யப் போற?”

விழா நாளன்று காலையில் ஒத்திகை. அந்தி வேளையில் விழா. எண்ணூரில் நிறுவனத்தின் திறந்தவெளியில் மேடை அமைத்திருந்தார்கள். அனல்மின் நிலையத்தின் சாம்பல் நாற்காலிகளில் படிந்துகொண்டே இருந்தது. இரண்டு பெண்கள் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். பகலவன் உடுத்திக்கொண்டு வந்து நின்றபோது, டென்னிஸ் இரண்டடி பின்வாங்கிப் பார்த்தார்.

“அண்ணே! செம! அப்படியே ஸ்காட்லாந்துண்ணே. சாக்ஸு, ஷூ எல்லாம் எங்க புடிச்சீங்க?”

பகலவனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மகிழ்ச்சி வந்தால் பேச்சு பெருகும் மனிதர் அவர்.

“அத்த ஏன் கேக்கறீங்க சார். ஓஸ்னு போட்டிருந்தீங்களா, நான் டோல்கேட்டுல போயி அரை இஞ்சு டியூபு வாங்கிட்டேன். கிளிப்பு வேற போட்டுக் குடுத்துட்டாங்க!”

ஒலிபெருக்கிக்காரர்கள் சிரித்தார்கள். பூ அலங்காரம் செய்தவர்கள் சிரித்தார்கள். எல்லாரினும் மிகுதியாக டென்னிஸ் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு வாட்டி சொல்லுங்கண்ணே” என்று கேட்டும் சிரித்தார். பகலவன் இன்னொரு முறையும் சொன்னார். இம்முறை செல்லக்கனி டீசல் திருட்டை ஐயுற்றதையும் சேர்த்துக்கொண்டார்.

பிறகு டென்னிஸ் கைப்பேசியோடு ஒதுங்கிப் போனார். ஒரு மணி நேரம் கழித்து, உயரமும் சிவந்த நிறமும் உள்ள இளைஞர் ஒருவருடன் திரும்பி வந்தார். அவர் பெயர் ஜோபின். விளம்பரங்களில் நிற்பவர், நட்சத்திர விடுதிகளில் விருந்தினரை வரவேற்கும் வேலையும் பார்ப்பவர்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க” என்றார் டென்னிஸ். “வாசிக்கறது நீங்கதான். அதுல மாத்தமே இல்ல. முன்னாடி நிக்கறது மட்டும் ஜோபின்.”

பகலவனுக்குப் புரியவில்லை. “அவருக்கு வாசிக்க வருமா?”

“வராதுண்ணே. நீங்க ஸ்கிரீனுக்குப் பின்னாடி மைக்குல வாசிங்க. நீங்க மாத்துக்குன்னு கொண்டாந்த பழைய பைப்ப இவன் வெச்சிக்கிட்டு ஊதற மாதிரி நிப்பான்.”

“நான் நின்னா இன்னா சார்?”

டென்னிஸ் தரையைப் பார்த்தார். உரத்த குரலில் பேசும் இயல்பினர் அல்லர் அவர், கொடுமைக்காரரும் அல்லர். “கெஸ்ட்டு அந்தூர் ஆளு. நேரா பைப்பர்கிட்ட வந்து கை குடுத்துப் பேசுவாரு. இங்கிலீஷ்ல எதனா கேப்பாரு. நீங்க வெள்ளந்தியா அந்த ஓஸ் கதைய எடுத்து வுட்ருவீங்க. மேல இருக்கறவங்க என்னத்தான் கேப்பாங்க.”

மகள் இங்கே வேலை பார்க்கிறாள் என்று பகலவன் சொல்ல வாயெடுத்தார். அதையே நினைத்து வாயை மூடிக்கொண்டார். தாம் இங்கே சச்சரவு செய்தால், இனி நாள்தோறும் இதே வாயிலின் வழியே உள்ளே வர வேண்டியவள் அவள்.

தற்காலிகத் தட்டி மறைப்புக்குள் அவர் உடுப்பைக் களைந்து கொடுத்தார். கோட்டும் கில்ட்டும் அவர்களுடையவை. அவற்றைக் கொடுப்பதில் அவருக்கு ஒன்றும் இல்லை. காலுறையை உருவும்போதுதான் கை நின்றது. மகள் பிரித்துத் தைத்த விளிம்பு அது. வெப்பம் ஆறாத அக்காலுறைகளை ஜோபின் வாங்கி இழுத்து மாட்டினார். காலணியில் அவருடைய பாதம் நுழையவில்லை. இரண்டு அளவு சிறியது. முன்புறத்தை நுழைத்துக்கொண்டு, குதிகாலால் பின்புறத் தோலை மிதித்து மடக்கினார்.

“மிதிக்காத தம்பி, புதுசு” என்றார் பகலவன்.

“வேற வழி இல்லண்ணே. முன்னாடி இருந்து பாத்தா தெரியாது.”

ஜோபின் கயிற்றை எடுத்துப் பார்த்தார். எங்கே தொடங்குவது, எப்படிச் சுற்றுவது என்று விளங்கவில்லை. சாதாரண முடிச்சாகக் கணுக்காலுக்குக் கீழே கட்டப்போனார். பகலவன் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவர்முன் மண்டியிட்டார்.

“ஐயோ, எழுந்திருங்கண்ணே. நானே கட்டிக்கறேன்.”

“ஒனக்கு வராது. வுடு. தப்பாக் கட்டினா எம்பொண்ணு பாப்பா.”

அந்தி வேளையில் நாற்காலிகள் நிறைந்தன. நான்காம் வரிசையில் மகிழினியும் ஜெஸ்லினும் அமர்ந்திருந்தார்கள். மகிழினி புதுப் புடவை கட்டியிருந்தாள். தந்தை மேடைக்கு வரும் கணத்தைப் படம் பிடிப்பதற்காகக் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தாள். திரைக்குப் பின்னால், அடுக்கிய தண்ணீர்க் கேன்களுக்கும் மின்கம்பிகளுக்கும் நடுவே, பகலவன் தம் கால்சட்டையோடும் ரப்பர் செருப்போடும் நின்றார். டென்னிஸ் கையசைத்ததும் பையை ஊதி நிரப்பினார்.

மெட்டு எழுந்தது. சிறு வயது முதல் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டுக் கேட்டு, மகிழினிக்குத் தந்தையின் மூச்சு தெரியும். ஒவ்வோர் அடியின் இறுதியிலும் சுரத்தைச் சற்றே இழுத்துவிட்டுப் பிறகு விடுவது அவருடைய பழக்கம். அந்த இழுப்பு கேட்டது. ஆனால், மேடைமேல் நடந்து வந்தவர் வேறொருவர். அவர் கன்னத்தை உப்பவைத்திருந்தார். விரல்கள் குழலின்மேல் தாறுமாறாகத் துள்ளின. தேயிலைச் சாற்றில் நனைத்த காலுறையையும், தான் வெட்டிய சிவப்பு நாடாவையும் மகிழினி கண்டாள். கைப்பேசியைத் தாழ்த்தி மடிமேல் வைத்தாள்.

ஜெஸ்லின் அவள் விலாவில் இடித்தாள். “மகி! இதா உங்கப்பா? என்னடி இவ்ளோ யங்கா இருக்காரு!”

முன்வரிசையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்து முறுவலித்தார்கள். அப்பா திரைக்குப் பின்னால் நின்று வாசிக்கிறார் என்று மகிழினி சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. ஆனால், விடை எதுவாக இருக்கும் என்று ஊகிக்க முடிந்தது. அந்த விடையை அத்தனை பேர் நடுவில் வாய்விட்டுச் சொல்ல அவளால் இயலவில்லை.

“இல்ல. அப்பாவுக்கு ஜுரம். வரல. இது வேற ஆளு.”

இதை அவளே பின்னர்த் தாயிடம் சொன்னாள். மூன்று ஆண்டுகளாகச் சொன்ன பொய்யைத் திருத்திய வாயாலேயே இரண்டாம் பொய்யைச் சொன்னேன் என்று சொல்லி அழுதாள்.

திரைக்குப் பின்னால் பகலவனும் ஒன்றை நினைத்தார். இந்தக் கையைச் சற்றுத் தளர்த்தினால் போதும். பையிலிருந்து காற்று இறங்கிவிடும். மேடைமேல் கன்னம் உப்பியபடியே இருக்க, இசை நின்றுவிடும். அப்போது எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். திரையை விலக்கியும் பார்ப்பார்கள். கையைத் தளர்த்தவில்லை. மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து, அன்று தம்மால் இயன்ற அளவு நன்றாக வாசித்தார்.

மெட்டு முடிந்ததும் விருந்தினர் மேடையேறினார். டென்னிஸ் எதிர்பார்த்தவாறே பைப்பரிடம்தான் நேரே போனார். குனிந்து காலணிகளைப் பார்த்து ஏதோ சொன்னார். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர் அதை ஒலிவாங்கியில் தமிழாக்கினார்: காலணிக் கயிற்றை இவ்வளவு சரியாகக் கட்டியவரைத் தம் ஊர்த் திருமணங்களில்கூட அரிதாகவே பார்த்திருப்பதாக விருந்தினர் பாராட்டுகிறார். யாரிடம் கற்றீர்கள் என்றும் கேட்கிறார். ஜோபின் ஆங்கிலத்தில் விடையளித்தார். இணையத்தில் காணொளி பார்த்துத் தாமே கற்றதாக அதையும் தொகுப்பாளர் தமிழாக்கினார். கைதட்டினார்கள். பகலவன் அதுவரை பையைக் கைக்குள்ளேயே வைத்திருந்தார். அது சிறிது சிறிதாக, ஒலியில்லாமல் சுருங்கியது.

ஜோபின் பொருள்களைத் திருப்பிக் கொடுத்தபோது, கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. காலணியின் பின்புறம் மடங்கி, செருப்பைப் போல ஆகிவிட்டிருந்தது. பகலவன் விரலை உள்ளே விட்டு நிமிர்த்திப் பார்த்தார். தோல் வெடித்திருந்தது. “என்னண்ணே, சரி பண்ண முடியுமா?” என்று ஜோபின் கேட்டார். “முடியாது” என்றார் பகலவன்.

பேருந்தில் தந்தையும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். வண்டி திருவொற்றியூரைத் தாண்டியது.

“கேட்டவங்களுக்கு இன்னா சொன்ன?” என்றார் பகலவன்.

“உனக்கு ஜுரம்னு சொன்னேன்.”

அவர் தலையசைத்தார். “நல்லதுதான் சொன்ன. பின்னாடி நிக்கறான்னு சொல்றதுக்கு ஜுரம்னு சொல்றது கௌரவம்.”

மகிழினி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொரு மணிக்கு மகிழினியின் கைப்பேசி ஒலித்தது. ஜெஸ்லின் அழைத்திருந்தாள். அப்பாவின் உடல்நலம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நானே அவரிடம் இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்றும் வற்புறுத்தினாள். நல்ல பெண், உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள். மகிழினி செய்வதறியாமல் தந்தையைப் பார்த்தாள். அவர் கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கிக்கொண்டார். ஒருமுறை இருமினார்.

“இப்ப பரவால்லம்மா. ஜுரம் எறங்கிடுச்சி.”

“மாத்திரை போட்டீங்களா அங்கிள்? நல்லா ரெஸ்ட் எடுங்க. நேத்து நீங்க வருவீங்கன்னு எல்லாரும் வெயிட் பண்ணோம்.”

“இன்னா பண்றதும்மா. ஒடம்பு ஒத்துக்கல.”

“ஆனா உங்களுக்குப் பதிலா வந்தவரு செமையா வாசிச்சாரு அங்கிள். எனக்கு அழுகையே வந்துடுச்சு.”

சிவந்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள். பகலவன் கைப்பேசியைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.

“அப்படியா? நெஜமாவே நல்லா வாசிச்சாராம்மா?”

“ரொம்ப நல்லா அங்கிள். கடைசில ஒரு இழு இழுத்தாரு பாருங்க!”

“எந்த எடத்துல?” என்று கேட்டார் பகலவன். “கொஞ்சம் பாடிக் காட்டும்மா.”